சவரிமுத்து சொன்ன ஆட்டமும் நான் நம்பிய பில்லும்

1. வேகந்தான்

ராஜசேகர் சாரின் சிவப்புக் காரை வாய்க்காலில் இருந்து தூக்கிய அன்று, விருத்தாசலம் கார் ஸ்டாண்டில் நின்றிருந்த டிரைவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னா பாலு, வண்டில எதனா கோளாறா? இல்ல சவரிமுத்து அழுத்திட்டாரா?"

நான் அந்த வண்டியைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்கவில்லை. ஆனாலும் பதில் சொன்னேன்.

"வண்டில ஒண்ணும் இல்ல. மெட்ராஸ்ல எல்லாம் மாத்தி ஒரு மாசந்தான் ஆவுது. வேகந்தான்."

மெக்கானிக் சொன்னால் டிரைவர்கள் நம்புவார்கள். நம்பினார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதுதான் செய்தி. இதில் எனக்கு யார் யார் மேலேயோ கோபம் உண்டு, எல்லாவற்றையும் எழுதத்தான் போகிறேன். முதல் கோபம் என் மேல்தான் என்பதால் அதை முதலில் எழுதிவிட்டேன்.

ராஜசேகர் சாருக்கு ஜங்ஷன் ரோட்டுப் பக்கம் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனி. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் அவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்து, சென்னையில் ஒருவரிடம் இருந்து பழைய ஜப்பான் வண்டி ஒன்றை வாங்கிவந்தார். இரண்டே கதவு, தரையோடு ஒட்டினாற்போல் உயரம். வயது பதினைந்துக்கு மேல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் ஊருக்குள் ஓட்டுவார். மற்ற நாளில் அதைத் துடைப்பது, கிளப்பி வைப்பது, வெளியூருக்கு எடுப்பது எல்லாம் டிரைவர் சவரிமுத்து. பதினொரு வருடமாக அவரிடம் வேலை பார்த்தவர். அதிகம் பேசமாட்டார். வண்டியில் ஒரு சத்தம் கேட்டால் மட்டும் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்.

விபத்துக்கு மூன்று வாரம் முன்னால் அவர் அந்த வண்டியோடு என் ஷெட்டுக்கு வந்தார்.

"அண்ணே, வளைவுல ஆக்சிலேட்டர்லேந்து கால எடுத்தா பின்னாடி வால் ஆடுதுண்ணே. நான் திருப்பாமலே அது திரும்புது."

நான் அப்போது ஒரு டீசல் வண்டியின் பம்பைக் கழற்றிப் போட்டிருந்தேன். கையெல்லாம் ஆயில். "மெட்ராஸ்ல சர்வீஸ் விட்டீங்களே, என்னா பண்ணாங்க?" என்றேன். அவர் டேஷ்போர்டில் இருந்து பில்லை எடுத்து நீட்டினார். கம்ப்யூட்டரில் அடித்த, மூன்று பக்க பில். பின்பக்க சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ் அத்தனையும் மாற்றியதாகப் போட்டிருந்தது.

"எல்லாம் புதுசு போட்டிருக்காங்களே. புது ரப்பர் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். ஓடி ஓடி செட் ஆயிடும்" என்றேன்.

"நீங்க ஒரு தடவ அடில பாத்துட்டா நல்லா இருக்கும்ணே."

"அதான் பில்லுல இருக்குதே."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். புது புஷ் போட்டால் வண்டி இறுகும், ஆடாது. முதல் வருடம் வேலைக்கு வந்தவனுக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும். கையில் வேலை இருந்தது, அதனால் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினேன்.

2. முதலாளி சொன்னால் ஆட்டம்

விபத்து பெண்ணாடத்துக்கு முன்னால் ஒரு வளைவில் நடந்தது. முதலாளியின் மகளைத் திட்டக்குடியில் ஒரு கல்யாணத்தில் இருந்து கூட்டிவந்துகொண்டிருந்தார் சவரிமுத்து. எதிரில் கரும்பு ஏற்றிய டிராக்டர். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தார். பின்பக்கம் சுற்றிக்கொள்ள, வண்டி வாய்க்காலில் முன்பக்கமாக இறங்கிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு நெற்றியில் ஐந்து தையல். சவரிமுத்துவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

அந்தப் பெண் ஆஸ்பத்திரியிலேயே அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். "அண்ணன் மெதுவாத்தாம்பா வந்தாரு. வண்டி தானா சுத்திடுச்சி." முதலாளி கேட்கவில்லை. "உனக்கு என்னா தெரியும்" என்று அடக்கிவிட்டார். கட்டுப் பிரிப்பதற்கு முன்பே சவரிமுத்துவுக்கு வேலை போய்விட்டது. ஸ்போர்ட்ஸ் காரைக் கண்டதும் தலைகால் தெரியாமல் ஓட்டினான் என்று கம்பெனியில் எல்லோர் முன்னாலும் பேசினார். கை குணமான பிறகும் சவரிமுத்துவுக்கு ஊரில் யாரும் வண்டி கொடுக்கவில்லை. மெக்கானிக்கே வேகம் என்று சொன்ன பிறகு யார் கொடுப்பார்கள்?

வண்டி புதுச்சேரிக்குப் போய், முன்பக்கம் டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் முடித்துப் பளபளவென்று திரும்பி வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை முதலாளி அதை வெளியூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"பாலு, உடனே கம்பெனிக்கு வா. வளைவுல கால எடுத்தா பின்னாடி வால் ஆடுதுப்பா. நல்ல வேள, தப்பிச்சேன்."

சவரிமுத்து சொன்ன அதே சொற்கள். அவர் சொன்னபோது ஓடி ஓடி செட் ஆகிவிடும் என்றேன். முதலாளி சொன்னதும் ஜாக்கியையும் ஸ்டாண்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். போகும் வழியிலேயே எனக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது.

3. கருப்பு ஸ்ப்ரே

பின் சக்கரத்தைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் நீளமான கை ஒன்று உண்டு. டிரெய்லிங் ஆர்ம் என்போம். அது சேஸிஸில் சேரும் இடத்தில் இரும்பு வளையத்துக்குள் ரப்பர் இருக்கும். அதுதான் புஷ். அந்த ரப்பர் கிழிந்தால் சக்கரத்துக்குப் பிடி இல்லை. வளைவில் காலை எடுத்ததும் பின் சக்கரம் தன்னிஷ்டத்துக்குத் திரும்பும். டிரைவர் எவ்வளவு கெட்டியாக ஸ்டியரிங்கைப் பிடித்தாலும் பின்பக்கத்துக்கு அது தெரியாது.

படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். புஷ் புதுசு போலக் கருகருவென்று மின்னியது. நகத்தால் சுரண்டினேன். கருப்பு உரிந்து விரலில் ஒட்டிக்கொண்டது. ஸ்ப்ரே பெயிண்ட். அடியில் ரப்பர் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. போல்ட்டின் மேலும் அதே ஸ்ப்ரே. அதன் அடியில் பல வருடத் துரு. ஸ்பேனர் பட்ட ஒரு கீறல் இல்லை. அந்த போல்ட்டை யாரும் கழற்றவே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே கதைதான்.

ஒரு மனிதன் படுத்து, கீழே போய், புஷ் கிழிந்திருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறான். பார்த்த பிறகு பெயிண்ட் அடித்திருக்கிறான். ஓட்டப்போகிறவனைப் பற்றி ஒரு நொடி நினைத்திருந்தால் கை வந்திருக்குமா? பார்க்காமல் விட்ட சோம்பேறி நான். அவன் பார்த்துவிட்டுச் செய்தவன். எங்கள் இருவருக்கும் நடுவில்தான் சவரிமுத்துவின் எலும்பு முறிந்தது.

புதுப் புஷ் சென்னையில் இருந்து வர எட்டு நாள் ஆனது. பழையதை அழுத்தி வெளியே தள்ள என் ஷெட்டில் பிரஸ் கிடையாது. கம்பெனியில் அச்சு கழற்றிப் பூட்டுவதற்கு ஒரு ஹைட்ராலிக் பிரஸ் இருந்தது. ஆர்மைக் கழற்றி அங்கே தூக்கிப்போனேன். ஃபியூஸ் கட்டை அடிக்கும் பெண்கள் சாப்பாட்டு நேரமாகையால் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். முதலாளியும் வந்தார். பிரஸ்ஸை இறக்கினேன். வழக்கமாகப் புஷ் படாரென்று சத்தம் போட்டுத்தான் வெளியே வரும். இது சத்தமே இல்லாமல் உதிர்ந்தது. ரப்பருக்கு நடுவில் இருந்த இரும்புக் குழாய் தனியாக விழுந்து உருண்டது.

நடந்ததை அங்கேயே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பில்லையும் சொன்னேன், ஸ்ப்ரேயையும் சொன்னேன்.

செல்வி என்ற பெண் கேட்டார். "அப்ப சவரிமுத்து அண்ணன் மேல தப்பு இல்லீங்களா?"

"இல்லம்மா. மூணு வாரம் முன்னாடியே எங்கிட்ட வந்து சொன்னாரு. நாந்தான் பாக்கல."

முதலாளி என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனார். "பாலு, இத இத்தோட வுடு. மெட்ராஸ்காரங்களோட நான் பேசிக்கிறேன். சவரிமுத்துகிட்ட போயி சொல்லிக்கிட்டு இருக்காத. அப்புறம் வந்து நிப்பான்."

"வந்து நிக்கணும் சார். பதினோரு வருஷம் வேல பாத்தவரு."

"எம்பொண்ணு நெத்தில தையல் இருக்குதே, அத யாரு எடுக்குறது?"

"அந்தத் தையல் அவரு போட்டதில்ல சார். நீங்க நம்புன பில்லு போட்டது. நான் நம்புன பில்லு போட்டது."

வாடிக்கையாளரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் முகம் இறுகிப்போனது. "வேலைய முடி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலையை ஒழுங்காக முடித்தேன். சோப்புத் தண்ணீர் தடவி, புதுப் புஷ்ஷை அதன் அடையாளக் கோடு பார்த்து உள்ளே அழுத்தினேன். வண்டியைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்கினேன். தொங்கும்போதே முறுக்கினால் புது ரப்பரும் திருகிக்கொண்டு ஆறு மாதத்தில் கிழியும். சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று நூல் கட்டி அலைன்மென்ட் பார்த்தேன். பிறகு முதலாளியிடம் ஒன்று சொன்னேன். "அந்த ஆட்டம் எப்படி இருந்துதுன்னு நல்லா தெரிஞ்சவரு சவரிமுத்துதான். அவரு ஓட்டிப் பாத்து சரின்னு சொன்னாத்தான் வண்டிய நான் ஒப்படைப்பேன்." அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆட்டத்தை அவரும் அனுபவித்திருந்தார், பயம் இருந்தது.

4. சாவி

சவரிமுத்து வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய மனைவிதான் பேசினார்.

"இவரு வந்து வாயால சொன்னதவிட அந்தக் காயிதம் பெருசா போச்சாண்ணே உங்களுக்கு? நாலு மாசமா வூட்டுக்குள்ளயே உக்காந்திருக்காரு. மாதா கோயிலுக்குக்கூட வரமாட்டேங்குறாரு."

"தப்பு என்னுதும்மா" என்றேன். சவரிமுத்து உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

அதே பெண்ணாடம் ரோடு, அதே வளைவு. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வளைவின் நடுவில் காலை எடுத்தார். வண்டி கோடு பிடித்தாற்போல் போனது. திரும்பி வந்து இன்னொரு தடவை போனார். மூன்றாவது தடவையும் போனார். மூன்றாவது தடவை அவருடைய கண் கலங்கியிருந்தது. நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

கம்பெனி வாசலில் முதலாளி காத்திருந்தார். பெண்கள் சிலர் கதவருகே நின்றார்கள்.

"சரியா இருக்குதுங்க சார்" என்றார் சவரிமுத்து.

"சரி. திங்கக்கெழமலேந்து வேலைக்கு வந்துடு."

"வரேங்க சார். எம்மேல தப்பு இல்லன்னு இவங்க முன்னாடி ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"அதான் வரச் சொல்லிட்டேனேப்பா."

சவரிமுத்து சாவியை பானெட்டின் மேல் வைத்தார். "போயிட்டு வரேங்க" என்று அந்தப் பெண்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்தார்.

ஒரு வார்த்தை. அது முதலாளியின் வாயில் வரவில்லை. சென்னைக் கம்பெனி அடுத்த சர்வீஸ் இலவசம் என்று சொன்னதாகவும் அதோடு சமாதானம் ஆகிவிட்டதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். என்னை அவர் மறுபடி கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.

நான் கார் ஸ்டாண்டுக்குப் போனேன். பொய் ஒரு சாயங்காலத்தில் ஊர் சுற்றியது. நிஜத்தை ஒவ்வொரு டிரைவராகப் பிடித்துச் சொல்ல எனக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆனது. சிலர் "அத வுடு பாலு, பழைய கத" என்றார்கள். விடவில்லை. திட்டக்குடியைத் தாண்டி மங்களூர் பக்கம் வேன் வைத்திருந்த ஒருவர் கடைசியில் சவரிமுத்துவைக் கூப்பிட்டுக்கொண்டார். ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றும் வேன்.

இதைப் படிக்கும் தொழில்காரப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வண்டியோடு தினமும் இருப்பவர் ஆட்டம் என்று சொன்னால் ஆட்டம் இருக்கிறது. பில், ஸ்டாம்ப், கம்ப்யூட்டர் எழுத்து எதுவும் வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்தது கிடையாது. கையில் என்ன வேலை இருந்தாலும் வைத்துவிட்டுப் படுத்துப் பாருங்கள். பார்க்கவில்லை என்றால், பார்க்கவில்லை என்று சொல்லுங்கள். நான் சொல்லியிருக்க வேண்டியது அவ்வளவுதான்.

அந்த வேன் ஒரு நாள் என் ஷெட்டில் வந்து நின்றது. சவரிமுத்து இறங்கினார். "அண்ணே, முன்னாடி லெஃப்ட்ல லேசா ஒரு சத்தம்" என்றார்.

நான் ஒன்றும் கேட்காமல் சாக்கை விரித்துக் கீழே படுத்தேன்.