இரண்டாவது சாவி

அப்பாவை அவருடைய கல்யாணக் கோட்டோடு அடக்கம் செய்த மறுவாரம், அவர் கார் கிளம்பவில்லை. வாரண்டி முடிந்திருந்தது. உழவர்கரையிலிருந்து எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார்.

“வண்டி நல்லாத்தான் இருக்கு சார். சாவிக்குள்ள சிப்பு போயிடுச்சு. இன்னொரு சாவி இருந்தா அத வெச்சுப் புதுசு பண்ணிடலாம். இல்லன்னா வண்டியோட கம்ப்யூட்டரையே மாத்தணும்.”

வீடு முழுக்கத் தேடிவிட்டு அம்மாவிடம் கேட்டேன். அரிசி களைந்துகொண்டே சொன்னார்.

“பெட்டியை மூடறதுக்கு முன்னாடி அவர் கோட்டுப் பையில நான்தான் வெச்சேன். வண்டி இல்லாம மனுஷன் எங்க போயிருக்காரு?”

அடக்கத்தன்று அம்மா அழவில்லை. அதை ஒரு குற்றமாகவே மனதில் வைத்திருந்தேன்.

வாசலுக்கு வந்து, “கம்ப்யூட்டரையே மாத்திடுங்க” என்றேன்.

“சாவிய நல்லாத் தேடுனீங்களா சார்?”

“எங்க இருக்குன்னு தெரியும். மாத்திடுங்க.”