பின்பக்கம் எழுதாத தாள்கள்

யுத்த காலத்தில் தியாகராய நகர் கம்பெனி ஒன்றில் நான் குமாஸ்தா. பக்கத்து மேஜைக்காரர் மயிலாப்பூர்வாசி. ஒல்லி உடம்பு, காதில் எப்போதும் சிவப்புப் பென்சில்.

என் இங்கிலீஷில் பெயர்ச்சொல் வர வேண்டிய இடத்தில் வினைச்சொல் வந்து உட்காரும். 'அட்வைஸ்' என்ற வார்த்தை, 'ஸி' போடுவதா 'எஸ்' போடுவதா என்று, ஒவ்வொரு முறையும் காலை வாரிவிடும். கடிதம் துரையிடம் போவதற்கு முன் பக்கத்து மேஜைக்காரர்தான் திருத்திக் கொடுப்பார். நான் சுத்தப் பிரதி எடுத்ததும், திருத்திய தாளைக் கேட்டு வாங்கி இழுப்பறையில் வைத்துக்கொள்வார்.

"பேப்பர் பஞ்சம் ஓய். பின்பக்கம் எழுதிக்கலாம்" என்பார்.

தலைமைக் குமாஸ்தா வேலை காலியானது. அவருக்கு, இல்லாவிட்டால் எனக்கு. துரை என்னைக் கூப்பிட்டார். அவர் மேஜையில் சிவப்புத் திருத்தங்களோடு என் இரண்டு வருஷத்துத் தாள்கள், தேதிவாரியாக அடுக்கி நூல் போட்டுக் கட்டியிருந்தன. புரட்டிப் பார்த்தேன். ஒரு தாளின் பின்பக்கத்தில்கூட எழுத்து இல்லை.

வெளியே வந்து அவரிடம், "ஏன் ஓய் இப்படிப் பண்ணினீர்?" என்று கேட்டேன்.

"நானா ஒரு தப்பும் சேர்க்கலையே. எல்லாம் நீர் எழுதினதுதானே" என்றார், நிதானமாக.

வேலை அவருக்கே கிடைத்தது. அதன் பிறகு 'அட்வைஸ்' எனக்குத் தப்பாக வந்ததே இல்லை. அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.