கால் நீட்ட ஒரு திசை

படகில் பூட்டியிருந்த இயந்திரத்தைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு கரையில் இறங்கும்போது, என் வலது கால் ஒரு கயிற்றுக்குள் சிக்கியது. நான் ஒரு பக்கம் விழ, இயந்திரம் என் பாதத்தின் மேல் விழுந்தது. மன்னாரில் படகு இயந்திரம் திருத்துவதுதான் என் தொழில். அந்தத் தொழிலுக்கு மரியாதை கொடுப்பதுபோல, ஓடி வந்தவர்கள் எல்லாரும் முதலில் இயந்திரத்தைத்தான் தூக்கினார்கள். "உள்ளுக்குத் தண்ணி போகேல்லைத்தானே?" என்று படகுக்காரர் விழுந்து கிடந்த என்னிடமே கேட்டார். போகவில்லை. என் பாதத்துக்குள் இரண்டு எலும்புகள் மட்டும் போயிருந்தன.

ஆஸ்பத்திரியில் பாதத்தைத் திறந்து, கம்பி வைத்துப் பொருத்தி, தையல் போட்டு, தடித்த கட்டொன்று கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். புறப்படும்போது வார்ட் தாதி என் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

"ஐயா, காலைத் தொங்க விடாதேங்கோ. படுத்திருக்கேக்க பாதம் நெஞ்சைவிட உயரத்தில இருக்க வேணும். துணியில சுத்தி ஐஸ் வையுங்கோ, ஆனா கட்டு நனையக் கூடாது. விறைப்பு போக முந்தியே குளிசையைப் போடுங்கோ. நோ வந்தாப் பிறகு போட்டா, குளிசை நோவுக்குப் பின்னால ஓட வேண்டி வரும்."

"ஓம், ஓம்" என்றேன். மரத்துப்போகப் போட்ட விறைப்பு ஊசியின் புண்ணியத்தில் அப்போது அந்தக் கால் யாரோ என்னிடம் தந்துவிட்டுப் போன விறகுக் கட்டைபோலக் கிடந்தது. "வெட்டினதே தெரியேல்ல" என்று ஓட்டோக்காரரிடம் பெருமை பேசிக்கொண்டு வந்தேன். வீட்டில் மனைவி குளிசையை நீட்டியபோது, நோகாத காலுக்கு மருந்து எதற்கு என்று கேட்டேன்.

பின்னேரம் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது விறைப்பு போய்விட்டது. யாரோ என் பாதத்துக்குள் ஓர் இயந்திரத்தை வைத்து, கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணிவிட்டு, நிறுத்தாமல் போனதுபோல இருந்தது. நான் கத்தியதில் கோப்பை ஒரு பக்கம் போனது, தேத்தண்ணீர் இன்னொரு பக்கம் போனது. அதன் பிறகு குளிசை விஷயத்தில் நான் ஒரு துறவியைப்போல ஒழுக்கமாக நடந்துகொண்டேன். மனைவி மறந்தாலும் நான் கேட்டு வாங்கிப் போட்டேன். ஓரிரு நாளில் நோ பொறுக்கக்கூடிய அளவுக்கு வந்துவிட்டது. வீக்கம்தான் வத்தவில்லை. அதற்குக் காரணம் என் பாதமில்லை, திசை.

எங்கள் வீட்டில் ஹோலில் மட்டும்தான் மின்விசிறி இருக்கிறது. அதனால் மூன்றாம் நாள் கட்டிலை அங்கே போட்டு, காலடியில் தலையணைகளை அடுக்கினார்கள். இலவம்பஞ்சுத் தலையணை என் காலின் பாரத்துக்கு அப்பளமாகப் போனதால், படகுக்குப் போகும்போது போடும் உயிர்காப்பு அங்கியை மடித்து மேலே வைத்தோம். செம்மஞ்சள் அங்கியின் மேல் வெள்ளைக் கட்டுடன் என் பாதம் கொலு வீற்றிருந்தது.

அன்று மாலை என் மனைவியின் அக்கா செபமாலை சொல்ல வந்தார். வேலிக்கு அங்கால்தான் மச்சாளின் வீடு. ஆனாலும் செபமாலை எங்கள் வீட்டில்தான் நடக்கும், ஏனென்றால் அவர்களுடைய தாய் தகப்பன் காலத்து யேசுவின் திருஇருதயப் படம் என் மனைவியோடு சீதனமாக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. மூத்தவளுக்கு வரவேண்டிய படம் இளையவளுக்குப் போனது என்பதை மச்சாள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. வரும்போதெல்லாம் படத்தின் கண்ணாடியைத் தன் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "தூசு" என்று மட்டும் சொல்லுவார்.

அன்று அவர் தூசைப் பார்க்கவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மச்சான், உங்கட கால் ஆருக்கு நேரே கிடக்குதெண்டு தெரியுமோ?"

தலையைத் தூக்கிப் பார்த்தேன். இருதயநாதரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம், நடுவில் என் பாதம். படத்துக்குக் கீழிருந்த சிவப்பு மின்குமிழின் வெளிச்சம் என் பெருவிரலில் விழுந்தது.

"உயரத்தில வைக்கச் சொல்லித்தான்..."

"உயரத்தில வைக்கச் சொன்னவை. ஆண்டவருக்கு நேரே வைக்கச் சொன்னவையோ?"

மனைவியும் மச்சாளும் என்னோடு சேர்த்துக் கட்டிலைத் திருப்பினார்கள். இப்போது தலை வடக்கே, கால் தெற்கே, அதாவது வாசலை நோக்கி. கட்டிலைச் சுற்றிக் கதிரைகளைப் போட்டு, மெழுகுதிரி கொளுத்தி, செபமாலையைத் தொடங்கினார்கள். அசைந்ததில் கால் விண்விண்ணென்று தெறிக்க, நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.

அந்த நேரம் பார்த்து, எங்களுக்கு வழக்கமாக மீன் தரும் மனுசி ஒழுங்கையால் போயிருக்கிறார். திறந்த வாசலுக்குள் அவர் கண்டது இவ்வளவுதான்: வாசலைப் பார்த்து நீட்டிய கால், வெள்ளைத் துணி, மெழுகுதிரி, சுற்றியிருந்து செபம் சொல்லும் பெண்கள். பாத்திரத்தைப் போட்டுவிட்டு, "ஐயோ, நேற்றும் கதைச்ச மனுசன்" என்று ஓடி வந்து என் இடது காலைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். நல்ல காலம், இடது கால். நான் கண்ணைத் திறந்ததும் அவர் போட்ட சத்தம் ஒப்பாரியைவிடப் பெரிது.

அவரைச் சமாதானப்படுத்தித் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினோம். ஆனால் அவர் உள்ளே வருவதற்கு முன் போட்ட கூச்சல் ஒழுங்கை முனைவரை போய்விட்டது. சற்று நேரத்தில் மனைவியின் தொலைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. "அடக்கம் எத்தினை மணிக்கு?" என்று ஒரு குரல் மெதுவாகக் கேட்டது. "அவர் புட்டுச் சாப்பிடுறார்" என்றாள் மனைவி. மறுநாள் காலையில் படகுக்காரர் அனுப்பிய உழவு இயந்திரம் பிளாஸ்டிக் கதிரைகளோடும் பந்தல் கம்புகளோடும் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஜன்னலால் எட்டிப் பார்த்து என்னிடம் கேட்டார்:

"ஐயா, செத்த வீடு இதுதானே?"

"இதுதான். ஆனா ஆள் இன்னும் தயாரில்ல."

அவர் யோசித்தார். "அப்ப கதிரையை இறக்கிறதோ, விடுறதோ?"

கதிரைகள் திரும்பிப் போனதும் கட்டிலை மேற்கே திருப்பினோம்.

எனக்கு ஐஸ் கொண்டுவருகிறவர், துறையில் ஐஸ்வாடி வைத்திருக்கும் முஸ்லிம் நண்பர். நான் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். மீன் பெட்டிக்குப் போடும் நொறுக்கிய ஐஸ்தான். அதில் ஊறியிருந்த சாளை மணத்துக்கு எங்கள் சுற்றாடலில் உள்ள பூனைகள் எல்லாம் கட்டிலுக்குக் கீழே வந்து, என் பாதம் எப்போது பரிமாறப்படும் என்று காத்திருந்தன. நானா ஐஸைத் துவாயில் சுற்றி, கட்டு நனையாமல் பொலித்தீன் போட்டு, கணுக்காலில் பக்குவமாக வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேற்கு. அவர் தொழும் திசை. நான் பதறிக் காலை இறக்கினேன்.

"என்னத்துக்குக் காலை இறக்கிறீங்க?" என்றார் நானா.

"இல்ல, கிப்லா..."

நானா எழும்பி வாசலுக்குப் போய், சூரியனைப் பார்த்து, திரும்பி வந்து கையால் ஒரு கோடு காட்டினார். "கிப்லா இந்தப் பக்கம், கொஞ்சம் வடக்கால. உங்கட கால் நேரே உங்கட அலுமாரியைத்தான் பாக்குது. நோயாளிக்கு இதெல்லாம் குற்றமில்ல. தூக்கி வைங்க."

நான் தூக்கி வைத்தேன். அதற்குள் தட்டில் பிஸ்கட் கொண்டுவந்த மச்சாள் தலையிட்டார். "அவர் பெருந்தன்மையில சொல்லுறார். அதுக்காக நாங்கள் மரியாதை இல்லாமல் நடக்கலாமோ?"

"எனக்கு ஒண்டும் இல்ல, தங்கச்சி."

"நீங்கள் அப்பிடித்தான் சொல்லுவீங்கள்" என்றார் மச்சாள். நானா எவ்வளவோ மறுத்தும், மரியாதைக்காக அவரும் ஒரு பக்கம் பிடித்துக் கட்டிலை வடக்கே திருப்ப வேண்டி வந்தது.

வடக்கில் ஜன்னல். ஜன்னலுக்கு அங்கால் வேலி, வேலிக்கு அங்கால் மச்சாளின் குசினி. மறுநாள் மத்தியானமே அவர் அகப்பையோடு வந்துவிட்டார்.

"மச்சான், நான் கறிக்கு உப்புப் பாக்கிற நேரமெல்லாம் உங்கட பெருவிரல் என்னைப் பாக்குது."

ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம். திறந்தால் பெருவிரல். எஞ்சியது வீட்டுக்கு வெளியே வளவுதான். வேப்பமரத்தின் கீழ் கட்டிலைப் போட்டார்கள். உண்மையைச் சொன்னால் அது சுகமாகவே இருந்தது. கடல் காற்று, நிழல். பாதம் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, வானத்துக்கு எந்த முறைப்பாடும் இல்லை. மத்தியானக் குளிசையும் சேர்ந்துகொள்ள, நான் அயர்ந்து தூங்கிவிட்டேன்.

ஏதோ சூடாக, சொரசொரப்பாக, மிக அன்பாக என் காலைத் தடவியது. மனைவி என்று நினைத்துக் கிடந்தேன். கண்ணைத் திறந்தால் கழுதை. எங்கள் ஊர்க் கழுதைகள் கடைக்குள்ளும் போகும், பஸ்ஸுக்குள்ளும் தலையை விடும். திறந்து கிடந்த படலை அவற்றுக்கு ஒரு பொருட்டில்லை. உப்பு ஊறிய ஐஸ் துவாயைச் சப்பி முடித்துவிட்டு, பொலித்தீனை ஒதுக்கித் தள்ளி, இப்போது கட்டையே நக்கிக்கொண்டிருந்தது. எழும்ப எனக்கு ஏலாது. கத்தினேன். அது என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தது.

கட்டு நனைந்துவிட்டதால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டை அவிழ்த்த வைத்தியர், பேத்தை மீன்போல ஊதியிருந்த பாதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் நனைஞ்சது?"

"கழுதை நக்கினது, டொக்டர்."

அவர் என் குளிசைச் சீட்டை எடுத்து, நோவுக்கு ஏதும் கடுமையான மருந்து எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். மனைவி, "உண்மைதான் டொக்டர்" என்றாள். அவர் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். காயத்தில் கிருமி ஏதும் ஏறவில்லை, தையலும் நன்றாக இருந்தது. புதுக் கட்டுப் போட்டு, ஓர் ஊசியும் ஏற்றி, "இனியாவது காலை ஒரு இடத்தில அசையாமல் உயரத்தில வைச்சிருங்கோ. இப்பிடி இறக்கி இறக்கி ஏத்தினா வீக்கம் வத்தாது" என்று கண்டித்து அனுப்பினார்.

அன்று பின்னேரம் எங்கள் பங்குச் சுவாமி எனக்கு நற்கருணை கொண்டுவந்தார். எந்தப் பக்கம் கட்டிலைப் போடுவது என்ற வழக்கு அவர் முன்னிலையில் பேசப்பட்டது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"இதில என்ன கிடக்கு? யேசு சீடருடைய காலையே கழுவினவர்தானே?"

மச்சாள் விடவில்லை. "கழுவினவர்தான் சுவாமி. ஆனா அவையள் காலை அவருடைய முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு படுத்திருந்தவையோ?"

சுவாமி படத்தைப் பார்த்தார், பிறகு என் பாதத்தைப் பார்த்தார். கடைசியில், "காலை மாத்த ஏலாட்டி, படத்தை மாத்துங்கோவன்" என்றார்.

நான் மச்சாளின் முகத்தைப் பார்த்தேன். மச்சாளின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

"சுவாமி சொன்னால் சரிதான்" என்றார் மெதுவாக. "வீக்கம் வத்துமட்டும் எங்கட வீட்டில இருக்கட்டும்."

என் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆனால் சுவாமி ஏற்கெனவே ஆசீர்வாதச் செபத்தைத் தொடங்கியிருந்தார். அடுத்த நாளே சுற்றத்தார் கூடி, மெழுகுதிரி பிடித்து, பாட்டுப் பாடி, இருதயநாதரை வேலியைச் சுற்றி ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். வேலியில் ஆள் நுழையும் பொட்டு இருந்தது, நேரே போனால் பத்தடிகூட இல்லை. மச்சாள் ஒழுங்கை முழுவதும் சுற்றித்தான் போனார். நான் கட்டிலில் கிடந்தபடி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். பிறகு கட்டிலைக் கிழக்கே திருப்பி, ஓர் ஆணியும் வெள்ளைச் சதுரமும் மட்டும் மிஞ்சியிருந்த சுவரை நோக்கிக் காலை நீட்டினேன்.

ஒரு கிழமைக்குள் பாதத்தில் தோல் சுருக்கம் தெரிந்தது. சுருக்கம் வந்தால் வீக்கம் இறங்குகிறது என்று அர்த்தமாம். தையல் எடுத்தார்கள். ஊன்றுகோல் இரண்டோடு நடந்து, பிறகு ஒன்றோடு நடந்து, இப்போது எதுவுமில்லாமல் நடக்கிறேன். பின்னேரமானால் மட்டும் பாதம் கொஞ்சம் ஊதும். சில மாதங்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அவர் அதைச் சொல்லும்போது மச்சாளும் கூட வந்திருந்ததுதான் பிழை. "எப்ப அக்கா படத்தைத் தாறாய்?" என்று மனைவி கேட்கும்போதெல்லாம், மச்சாள் குனிந்து என் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்க்கிறார். குழி விழுகிறது. "இன்னும் இருக்கு" என்கிறார், மிகுந்த கவலையோடு.

முதல்முறை தனியாகக் கடைத்தெருவுக்குப் போனபோது செருப்பு வாங்கினேன். பின்னேர வீக்கத்துக்கு இடம் விட்டு வலது காலுக்கு ஒன்பது, இடது காலுக்கு ஏழு. கடைக்காரர் ஒற்றைச் செருப்பு விற்கமாட்டேன் என்றுவிட்டார். அதனால் இரண்டு சோடி வாங்க வேண்டியதாயிற்று. மீதியிருக்கும் பெரிய இடது செருப்பும் சின்ன வலது செருப்பும் யாரும் போடாமல் கட்டிலுக்குக் கீழே புதுசாகவே கிடக்கின்றன. இடது பாதத்தில் ஒப்பரேசன் ஆகி வீங்கிய யாரையாவது கண்டால் கொடுத்துவிடலாம். அப்படி ஒருவர் வரவேண்டுமென்று செபிக்கவும் மனம் வரவில்லை.