நான் வெட்டிய கிளுவை வேலி

இலை மட்டும் கையில் கிடைத்தால் எந்த மரத்தையும் பெயர் சொல்லிவிடுவேன் என்ற திமிர் அப்போது எனக்கு நிறையவே இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் கோயமுத்தூரில் காட்டு நிர்வாகம் படித்துக்கொண்டிருந்தேன். காடு, மேய்ச்சல் நிலம், ஓடைத் தண்ணீர் இவற்றை அழியவிடாமல் எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் பாடம். காக்கி அரை நிக்கர், முழங்கால் வரை காலுறை, கையில் திசைகாட்டி. சிறுவாணித் தண்ணீர் ஊருக்குள் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. விடுதிக் குழாயில் கை ஏந்திக் குடித்துவிட்டு, செடிகளின் லத்தீன் பெயர்களைச் சுலோகம் மாதிரி ஒப்பித்துக்கொண்டே வகுப்புக்கு ஓடுவோம். மருதமலைப் பக்கம் மேகம் இறங்கி நிற்கும். அந்த நாட்களை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குப் பசிக்கிறது. அப்படி நடந்தோம், அப்படிச் சாப்பிட்டோம்.

கடைசி வருஷக் கோடையில் கருமத்தம்பட்டிக்குக் கிழக்கே முகாம். ஆளுக்கொரு நிலத்தை அளந்து, படம் வரைந்து, அதை எப்படிப் பராமரிக்கலாம் என்று திட்டம் எழுத வேண்டும். ஒரே ஒரு விதியில் மட்டும் தயவே கிடையாது: நிலத்துக்காரரைக் கேட்காமல் ஒரு குச்சியைக்கூட வெட்டக் கூடாது. முந்தைய வருஷம் ஒருவன் வேப்பங்கிளை ஒன்றை வெட்டிவிட்டு அன்றைக்கே பெட்டி கட்டினான். எனக்குப் பெட்டி கட்டுவது என்றால் கோபிசெட்டிபாளையத்துக்கு, அப்பாவின் நெல் வயலுக்குத் திரும்புவது. "மரத்தை எண்ணறதுக்கு எதுக்குடா காலேஜு?" என்று கேட்டவரிடம் மூன்று நாள் சோறு தின்னாமல் சண்டை போட்டுக் கிளம்பி வந்தவன் நான். தோற்றுப்போய் அவர் முகத்தில் விழிக்க என்னால் முடியாது.

எனக்குக் கிடைத்தது பன்னிரண்டு ஏக்கர் கொறங்காடு. மழை குறைந்த அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் நிலத்தில் ஒரு பகுதியை உழாமல், கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக மாடுகளுக்கென்றே விட்டுவைப்பார்கள். அதுதான் கொறங்காடு. சுற்றிலும் கிளுவைக் குச்சிகளை நட்டு வளர்த்த வேலி. நடுவிலும் ஒரு குறுக்கு வேலி உண்டு. ஒரு பாதியில் மாடு மேயும்போது மறுபாதியில் புல் வளரும். வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்த எனக்கு இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்ட சங்கதி. அப்போது என் கண்ணுக்கு அது வெறும் பொட்டல்.

நிலத்துக்குச் சொந்தக்காரர் கணவரை இழந்த ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். ஐந்து மாடுகளும் அந்தக் காடும்தான் அவர் பிழைப்பு. அன்று காலை அவர் சந்தைக்குப் போயிருந்தார்.

அளவுச் சங்கிலி நேர்கோட்டில் போயாக வேண்டும். குறுக்கு வேலி மறித்தது. ஓர் இலை கிடையாது, சாம்பல் நிறத்தில் வெறும் குச்சிகள். சங்கிலியின் மறுமுனையைப் பிடித்திருந்த என் அறைத்தோழன், "அந்தம்மா வரட்டும்டா, கேட்டுக்கலாம்" என்றான். வெயில் மண்டையைப் பிளந்தது. "செத்த வேலிக்கு யாரைக் கேக்கோணும்?" என்று அரிவாளை எடுத்து ஆறு முழ அகலத்துக்கு வெட்டித் தள்ளினேன்.

வெட்டுவாயெல்லாம் பச்சை. கையில் பிசின் வாசம். கிளுவை கோடையில் இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. தாளில் ஒட்டிய அதே கிளுவையின் காய்ந்த இலையைப் பார்த்துப் பெயர் எழுதி, வகுப்பில் சபாஷ் வாங்கிய புத்திசாலி நான்! நகத்தால் பட்டையைக் கொஞ்சம் கீறிப் பார்த்திருந்தால் போதும்.

சாயங்காலம் அந்தப் பெண் சந்தையிலிருந்து திரும்பி வந்தபோது, ஆடி மாதம் வரைக்கும் என்று மறுபாதியில் வைத்திருந்த புல்லில் ஐந்து மாடுகளும் இறங்கியிருந்தன. அவற்றை ஓட்டிவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க தம்பி, எங்க மாமனார் நட்ட வேலிங்க இது. உங்களை அது என்னங்க பண்ணுச்சு?"

அந்தக் கோபத்திலும் 'ங்க' குறையவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. "செத்துப்போச்சுன்னு நெனச்சுப்போட்டனுங்க அக்கா" என்றேன். மறுநாள் காலை பரீட்சைக்கு வெள்ளைக்கார அதிகாரி வருவார், தெரிந்தால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார் என்றும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் குனிந்து வெட்டுப்பட்ட குச்சிகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

"குச்சிய நட்டா மழைக்குத் துளுத்துக்குங்க. நீங்க மொகத்தைக் கழுவுங்க கண்ணு."

காலையில் துரை வந்தார். தமிழ் தெரியாதவர், பரீட்சை எழுதுகிறவனே மொழிபெயர்க்க வேண்டும். என் படத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தார், கோடுகள் சுத்தமாக இருக்கின்றன என்றார். நான் வெட்டிய இடைவெளிக்கு வந்ததும் நின்றார். உயிருள்ள வேலியை வெட்டியது யார் என்று அங்கே நின்றிருந்த அந்தப் பெண்ணைக் கேட்கச் சொன்னார்.

"வேலியை வெட்டுனது யாருன்னு கேக்கறாருங்க அக்கா."

அவர் என்னை ஒரே ஒரு முறை பார்த்தார். "நாந்தானுங்க. ஊட்டுல வெறகில்லீங்க, வெட்டிப்போட்டேன்னு சொல்லுங்க."

உண்மையைச் சொல்ல எனக்கு அப்போதும் நேரம் இருந்தது. நான் அவர் சொன்னதை நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன்.

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. மரங்களை நிஜமாகவே நேசித்த மனிதர் அவர். எத்தனையோ வருஷம் வளர்ந்த வேலியை ஒரு வேளைச் சமையலுக்கு எரிப்பதா, இப்படி அறிவில்லாத ஜனங்களால்தான் இந்த நாடு பாலைவனமாகிறது, ஒரு வார்த்தை விடாமல் அவளிடம் சொல் என்றார். சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக, என் தப்புக்கான வசவை நானே அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

அவர் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"தப்புத்தானுங்க. இனிமே செய்ய மாட்டனுங்க."

அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். துரை திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு என் படத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.