காபிக்கு முன்னால் கழுதைகள்

எங்கள் வீட்டில் காலையில் வேதாகமம் வாசித்த பிறகுதான் காபி. கல்யாணமான புதிதில் என் மனைவி போட்ட சட்டம் இது. இன்றுவரை ஒரு திருத்தமும் வரவில்லை. ஆண்டவருக்காக அதிகாலையில் எழுகிறவன் என்று அரியலூரில் என்னைப் பற்றி ஒரு நல்ல பேச்சு உண்டு. காபிக்காகத்தான் எழுகிறேன் என்று நானாக யாரிடமும் போய்ச் சொன்னதில்லை.

வாசிப்பு எனக்குப் புதிதல்ல. தலையணை கனத்துக்கு நாவல் வாங்கி வந்து மூச்சு விடாமல் முடிப்பவன். வேதத்தில் மட்டும் ஒரு கெட்ட பழக்கம்: சங்கீதப் பாட்டுகள், உவமைக் கதைகள் என்று ருசியான இடமாகப் பார்த்துத்தான் உட்காருவேன். மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.

"வரிசையாப் படிங்க. இது என்ன மிக்சரா, முந்திரிய மட்டும் பொறுக்கித் திங்கறதுக்கு?"

அவள் முந்திரி விளையும் ஆண்டிமடத்துக்காரி. முந்திரியைப் பற்றிப் பேச உரிமை உள்ளவள்.

அப்படி வரிசையாகப் போய் ஒரு நாள் மாட்டிக்கொண்ட அதிகாரம், சிறைப்பட்டுப் போன ஜனங்கள் சொந்த ஊருக்குத் திரும்பிய பட்டியல். இன்னார் பிள்ளைகள் இத்தனை பேர், இன்னார் பிள்ளைகள் இத்தனை பேர் என்று நீண்டுகொண்டே போனது. வாக்காளர் பட்டியல் இதைவிட விறுவிறுப்பு. அதில் படமாவது இருக்கும். ஆட்கள் தீர்ந்து குதிரை, ஒட்டகம் வந்து, கடைசியாகக் கழுதைகளின் எண்ணிக்கை வந்தபோது அடுப்படியிலிருந்து டிகாக்‌ஷன் வாசனையும் வந்தது. இன்னும் இரண்டு மூன்று வசனம்தான் பாக்கி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கழுதைகள் மேல் அடையாளமாக வைத்து, வேதத்தை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

அன்று என் மனைவியின் அண்ணனுக்குப் பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆபரேஷன். மச்சான் நல்ல பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி வரப்புக்கு அந்தப் பக்கம் வீசுகிற ஆள். ஊசி என்றால் மட்டும் ஆகாது. இதற்கு முன்பும் இதே கட்டில் வரை வந்தவர்தான். நர்ஸ் திரும்பிய நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். இனியும் தள்ளிப்போட்டால் குடல் சிக்கி உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

போதகர் வந்து ஜெபித்தால் உள்ளே போகிறேன் என்பது அவர் போட்ட நிபந்தனை. மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். நான் காவல்.

"போதகர் எங்க வர்றாராம் மாப்ள?"

"அரியலூரு தாண்டிட்டாராம் மச்சான். சிமெண்ட் லாரிக்குப் பின்னால பஸ்சு ஊர்ந்துக்கிட்டு வருதாம்."

"அப்ப நீங்க வாசிங்க. வசனம் காதுல வுழாம நான் எந்திரிக்க மாட்டேன்."

எழுந்தால் எந்தப் பக்கம் போவார் என்பதுதான் என் கவலை. தலைமாட்டில் அவருடைய வேதாகமம் இருந்தது. திறந்தேன். எழுத்துக்குப் பதில் எறும்புகள் ஊர்ந்தன. கண்ணாடி வீட்டில் கழுதைகளோடு இருக்கிறது!

சரி, ‘கர்த்தர் என் மேய்ப்பர்’ சங்கீதம் மனப்பாடம்தானே என்று தைரியமாக ஆரம்பித்தேன். புல்வெளி, தண்ணீர் எல்லாம் நன்றாகவே போயிற்று. அடுத்தது மரணப் பள்ளத்தாக்கு என்று நினைவுக்கு வந்ததும் சடன் பிரேக் போட்டேன்.

மச்சானுக்கும் அது மனப்பாடம். முகம் வெளுத்துவிட்டது. "ஏன் மாப்ள நிறுத்திட்டீங்க? டாக்டரு எதனாச்சும் சொன்னாரா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான்."

அவர் கை வேட்டி முனையைத் தேடியது. "காலையில படிச்சது எதனாச்சும் இருக்கும்ல? அதச் சொல்லுங்க."

வேறு வழியில்லை. "கழுதை எண்ணுனாங்க."

"என்னாது?"

சொன்னேன். சொந்த மண்ணுக்குத் திரும்புகிற கூட்டம்; பாட்டுக்காரர், வாசல் காக்கிறவர் என்று ஒவ்வொருவராக எண்ணி, கழுதைகள் வரைக்கும் எண்ணி எழுதி வைத்திருக்கிறது.

"கழுதையக் கூடவா? எதுக்காம்?"

"ஒண்ணு கூட வழியில வுட்டுப் போயிடக் கூடாதுன்னுதான் மச்சான்." காலையில் வாசித்தபோது இது எனக்குத் தோன்றவே இல்லை.

மச்சான் தலையணையில் சாய்ந்துகொண்டார். "அப்ப நமக்கும் அந்தக் கணக்குல எடமிருக்கு, மாப்ள. உங்களுக்கு நிச்சயமா இருக்கு."

சிரித்தார். சிரித்தால் அடிவயிறு வலிக்கும். வலிக்க வலிக்கச் சிரித்தார். ஸ்ட்ரெச்சரோடு வந்த நர்ஸ், "சிரிக்காதீங்க, தாத்தா!" என்று அதட்டினாள். தாத்தா என்றதற்கு அவளை முறைத்தபடியே உள்ளே போனார். வேட்டி மறந்து போயிற்று.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. போதகரும் நன்றி ஜெபத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தார். மயக்கம் பாதி தெளிந்த மச்சான், தங்கையைத் தேடவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. "மாப்ள, கழுதைங்க ஊரு போய்ச் சேந்துச்சா?"

மனைவி என் பக்கம் திரும்பினாள். "அதிகாரத்த முடிக்காமயா எந்திரிச்சீங்க?"

மறுநாள் காபியை ஆற விட்டு, மிச்ச வசனங்களை முடித்துவிட்டு மச்சானுக்குப் போன் போட்டேன். ஜனங்கள் எல்லோரும் அவரவர் ஊரில் குடியேறிவிட்டார்கள். கழுதைகளைப் பற்றித் தனியாக ஒன்றும் எழுதவில்லை.

"மூட்டைய அவங்களா சொமந்துருப்பாங்க?" என்றார் மச்சான். "சேந்துருக்கும் மாப்ள. சரி, அடுத்த அதிகாரத்துல என்னா?"