நாங்கள் வாங்காமல் விட்ட வீடு

மூன்று வருடத்துக்கு முன்பு, ஆடி முடிந்து ஆவணி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. வேப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம் போனால், வயலை மனை போட்டு விற்ற ஒரு சின்னக் குடியிருப்பு வரும். அங்கேதான் இது நடந்தது.

அப்போது நாங்கள் அம்பத்தூரில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கணவர் ஆவடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். ஆறு நாள் வேலை, ஏழாவது நாள் வீடு பார்க்கும் வேலை என்று இரண்டு வருடம் ஓடியிருந்தது. பட்டாபிராமில் பார்த்தது விலை எட்டவில்லை. குமணன்சாவடி தாண்டி ஒரு வீடு பிடித்திருந்தது. அண்ணன் தம்பிக்குள் கேஸ் நடக்கிறது என்று, அட்வான்ஸ் கொடுக்கப் போன அன்றுதான் தெரிந்தது. ஒரு கட்டத்தில் எந்த வீட்டைப் பார்த்தாலும் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. சுவர், ஜன்னல், பாத்ரூம், அவ்வளவுதான். திரும்பிப் போய் மாவு அரைக்க வேண்டும், பிள்ளைகளின் யூனிஃபார்மைத் துவைக்க வேண்டும் என்றுதான் மனசு ஓடும்.

இந்த வீடு அரை கிரவுண்டில் இருந்தது. ஒரு ஹால், ஒரு பெட்ரூம், சமையலறை, மொட்டை மாடிக்குப் படி. விலை எங்கள் கைக்கு அடங்கியது. அதுவே ஆச்சரியம். புரோக்கர் விடாமல் பேசினார். "பட்டால்லாம் கிளியரா கீது மேடம். லோனுக்கு ஆள் நானே வெச்சிகினு கீறேன். இந்த வெலைக்கு இன்னா வரும், நீங்களே சொல்லுங்க!"

என் கணவர் பெட்ரூமில் முழங்கையால் சுவரை அளந்து பார்த்தார். "அம்மா கட்டில இங்கயே போட்டுடலாம்" என்றார். என் மாமியார் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருப்பதை வீட்டுக்காரரிடமும் சொன்னார். கணவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. எனக்கும் இத்தோடு அலைச்சல் முடிந்தால் போதும் என்றிருந்தது.

ஆண்கள் மூவரும், அதாவது கணவர், புரோக்கர், வீட்டுக்காரர், மாடியைப் பார்க்கப் போனார்கள். நான் சமையலறைக்குள் நுழைந்தேன். வீட்டுக்காரரின் மனைவி டீ போட்டுக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு குறைவாகவும் இருக்கலாம். எல்லா வீட்டிலும் கேட்பதைத்தான் கேட்டேன். "தண்ணியெல்லாம் எப்படிங்க வருது?"

அவர் படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலை இறக்கினார். "வரும்க்கா. நீங்க கேக்குற தண்ணி இல்ல. கார்த்திகைல மழ புடிச்சிக்கிச்சுன்னா இதோ, இந்த மேடை வரைக்கும் வரும்."

மூலையில் இருந்த அரிசி டிரம்மை நகர்த்தினார். வீடு முழுக்கப் புதுப் பெயின்ட். டிரம்முக்குப் பின்னால் மட்டும் அடிக்கவில்லை. என் இடுப்பு உயரத்துக்குச் சுவர் ஊறி, பொரிந்து, கோடு விழுந்திருந்தது.

"படுத்த படுக்கையா இருக்கிறவங்கள வெச்சிகினு எப்படிக்கா தூக்குவீங்க? நாங்க வாங்கும்போது எங்களுக்கு யாரும் சொல்லல. நான் சொன்னேன்னு மட்டும் எங்க ஊட்டுக்காரருக்குத் தெரிய வாணாம்க்கா. இத வித்தாதான் அவரு மூச்சு விடுவாரு."

டிரம்மைப் பழையபடி சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டு, டீயை டம்ளரில் ஊற்றினார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு முதலில் வந்தது நன்றி இல்லை, எரிச்சல்தான். ஏன்தான் இவர் வாயைத் திறந்தாரோ, பேசாமல் இருந்திருந்தால் எங்கள் தேடல் இன்றோடு முடிந்திருக்குமே என்று நினைத்தேன்.

திரும்பும்போது ஸ்டேஷனில் கணவர், புதன்கிழமை அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் நேராகப் போய் அந்த வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கிவிடுவார். அவர் குணம் அப்படி. அதனால் சமையலறை பிடிக்கவில்லை, இருட்டாக இருக்கிறது என்றேன். "ரெண்டு வருஷம் நாயா அலஞ்சது ஒரு சமையலறைக்காகவா?" என்று பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கக் கத்தினார். அதன் பிறகு நான்கு நாள் என்னுடன் பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்த வருடம் கார்த்திகையில் நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் வெறித்ததும், அரை நாள் லீவு சொல்லிவிட்டு வேப்பம்பட்டுக்கு ரயில் ஏறினேன். அந்தப் பெண் எப்படி இருக்கிறாரோ என்று மனசு கேட்கவில்லை. ஷேர் ஆட்டோ மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. தெருவில் முழங்கால் தண்ணீரில் நடந்து போனேன். அந்த வீட்டுப் படி வரைக்கும் தண்ணீர் வடிந்திருந்தது.

வாசலில் வேறொரு பெண் தென்னந்துடைப்பத்தால் சேற்றுத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் தப்பித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டதில் இந்தப் பெண் மாட்டிக்கொண்டாளே!

முன்பு இருந்தவரைத் தேடி வந்ததாகச் சொன்னேன். திருத்தணி பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டார்களாம். என்னால் அடக்க முடியவில்லை. தண்ணீர் வரும் என்று யாருமே சொல்லவில்லையா என்று கேட்டுவிட்டேன்.

அவள் இடுப்பை நிமிர்த்தினாள். "சொன்னாங்களே. அந்தக்காவே சொல்லிடுச்சு, அவங்க ஊட்டுக்காரரு எதிர்லயே. அவரு கோவிச்சிகினு வெளிய போய்ட்டாரு. அப்பறந்தான் வெலய கொறச்சாங்க. நாங்க மாடில ஷீட் போட்டு ஒரு ரூம் கட்டிகினோம். இத வுட்டா இந்தக் காசுக்கு எங்களுக்கு வேற எங்கக்கா ஊடு கெடைக்கும்?"

படியேறி மாடியைப் பார்த்தேன். தகர ஷீட்டுக்குக் கீழே ஃபிரிட்ஜ், அடுப்பு, கட்டில் எல்லாம் நனையாமல் இருந்தன. இரண்டு பிள்ளைகள் எட்டிப் பார்த்தன. நான் இறங்கி வந்து புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரில் சாத்தியிருந்த இன்னொரு துடைப்பத்தை எடுத்தேன். சாயங்காலம் வரை தள்ளினோம். அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

அன்றைக்குத்தான் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னிக்கே சொல்லியிருந்தா அந்தாளு சட்டயப் புடிச்சிருப்பேன். நீ சொல்லாம இருந்ததுதான் நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கப் போனார்.

நாங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் வீடு பார்க்கிறோம். அலுத்துப்போன மனசு, எதையாவது ஒப்புக்கொண்டு முடித்துவிடத்தான் துடிக்கும். ஆனால் அந்தப் பெண் என்னைவிடப் பல மடங்கு அலுத்துப் போயிருந்தும், ஒருமுறை ரகசியமாகவும் மறுமுறை கணவர் முன்னாலேயும் உண்மையைச் சொன்னாரே என்று நினைக்கும்போது, என் சோர்வை ஒரு சாக்காகச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.