வெஹ்பி காத்திருந்த கேள்வி

எங்கள் பஜாரில் பள்ளிவாசல் மேலே, கடைகள் கீழே. சுல்தான் காலத்தில் இதைக் கட்டிய மந்திரி பாஷா, கீழ்க்கடை வாடகையில் மேலே விளக்கெரியட்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அவற்றில் என் கயிற்றுக் கடைக்கு அடுத்தது வெஹ்பியின் காப்பிக்கொட்டைக் கடை. அவன் பட்டாளத்தில் இருந்தபோது கூட்டாளி ராசிம் குத்தகையைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டான், படுபாவி. திரும்பி வந்தவனுக்குப் பள்ளிவாசல் படிக்கட்டின் அடியில் ஒரு டீ அடுப்புதான் மிஞ்சியது. அதே கடைக்கே காலமெல்லாம் டீத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனான்.

"வேற எங்கயாச்சும் போய்ப் பொழைக்கக் கூடாதாடா?" என்பேன்.

"போயிட்டா, ராசிம் செத்தது எனக்கு எப்படித் தெரியும்?"

இஸ்தான்புல் முழுக்க இதுதான் வழக்கம். இறந்தவரின் ஜனாஸாவைப் பள்ளிவாசல் முற்றத்துக் கல்லில் வைத்ததும் இமாம் கூட்டத்தைப் பார்த்து, இவர் உங்களுக்குச் செய்ததையெல்லாம் மன்னித்தீர்களா என்று மூன்று முறை கேட்பார். எப்பேர்ப்பட்ட அயோக்கியனுக்கும் "மன்னிச்சோம்" என்றுதான் சொல்லித் தொலைப்போம். ராசிமின் ஜனாஸாவில் "இல்லை" என்று சொல்லவே வெஹ்பி உயிரைப் பிடித்து வைத்திருந்தான். ராசிமுக்குச் சர்க்கரை வியாதி. அவன் டீயோடு வெஹ்பி எப்போதும் ஒரு சர்க்கரைக்கட்டி கூடவே வைப்பான்.

"எம்மேல இவனுக்கு எவ்ளோ பாசம் பாருய்யா!" என்பான் ராசிம்.

போன குளிர்காலத்தில், டீத் தட்டோடு படியில் சரிந்து, வெஹ்பி முந்திக்கொண்டான்.

மதியத் தொழுகை முடிந்து கல்லின் முன் நின்றோம். முன்வரிசையில், நட்டநடுவில், கைக்குட்டையும் கையுமாக ராசிம்.

"மன்னிச்சீங்களா?" என்றார் இமாம்.

"மன்னிச்சேன்!" எல்லோருக்கும் மேலே ராசிமின் குரல்தான் கேட்டது.

பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து வெஹ்பியின் மனைவி நாஜியே கத்தினாள். "யோவ் ராசிம்! எம்புருசன நீ மன்னிக்கிறியா? நீ அவருகிட்டக் கேட்டிருக்கணும்யா! அவரு உன்னை மன்னிக்கல. எல்லாரும் கேட்டுக்கங்க, மன்னிக்கல!"

ராசிம் திரும்பவே இல்லை. "பாவம், துக்கத்துல புத்தி பேதலிச்சுப் போச்சு" என்றான் பக்கத்திலிருந்தவரிடம்.

இமாம் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கேட்டார். சொன்னோம். மூன்றாம் முறை கேட்டதும் நாஜியே மீண்டும் வாயைத் திறந்தாள். அவள் சொன்னது யார் காதிலும் விழாதபடி மொத்தப் பஜாரும் சேர்ந்து கத்தியது: "மன்னிச்சோம்!"